யாருடையது ஒரு பங்கு? ‘மடங்கு’ கணக்கைச் சமன்பாடாக்கக் கற்றுத்தர ஒரு கையேடு

அகளி, புதூர், சோலையூர் என்று கேரளத்தின் அட்டப்பாடியில் மூன்று பஞ்சாயத்துகள். அவற்றில் ஏதோ ஒரு தொடக்கப் பள்ளியில் இந்த ஜூன் மாதம் நீங்கள் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் வகுப்பு உங்கள் பொறுப்பு. முதல் வாரமே கரும்பலகையில் இந்த மூன்று கணக்குகளை எழுதிப் பாருங்கள்.

1. காளியிடம் 4 ஆடுகள். மருதனிடம் அதைப் போல 3 மடங்கு. மருதனிடம் எத்தனை ஆடுகள்?

2. மருதனிடம் 12 ஆடுகள். அது காளியிடம் உள்ளதைப் போல 3 மடங்கு. காளியிடம் எத்தனை ஆடுகள்?

3. காளியிடம் 4 ஆடுகள், மருதனிடம் 12 ஆடுகள். மருதனிடம் இருப்பது காளியிடம் இருப்பதைப் போல எத்தனை மடங்கு?

மூன்றிலும் அதே மூன்று எண்கள்தான். முதல் கணக்கைப் பெரும்பாலான பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். இரண்டாவதற்கு 36 என்று விடை வரும், ஏனென்றால் ‘மடங்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் கை பெருக்கத் தொடங்கிவிடுகிறது. மூன்றாவதற்குச் சிலர் 12-இல் 4-ஐக் கழித்து 8 என்பார்கள். சிலர் பெருக்கி 48 என்பார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தெரியும். “மூநான்கு பன்னிரண்டு” என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். இடறுவது வாசிப்பில். இரண்டு அளவுகளை ஒப்பிடும்போது அவற்றில் ஒன்று அளவுகோலாகிறது. அதை ‘ஒரு பங்கு’ என்று வைத்துத்தான் மற்றதை அளக்கிறோம். எது ஒரு பங்கு என்று பிள்ளை கண்டுகொண்டால் சமன்பாடு எழுதுவது எளிது. காணாவிட்டால் எத்தனை பயிற்சித்தாள் கொடுத்தாலும் ஊகம்தான் நடக்கும். ஆகவே கணக்கு வாசித்த உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாருடையது ஒரு பங்கு?

ஒரே சட்டகம், நகரும் கட்டம்

மூன்று கணக்குக்கும் ஒரே சட்டகம் போதும்:

மடங்கு × ஒரு பங்கு = பெரிய அளவு

தெரியாத இடத்தில் கட்டம் போடச் சொல்லுங்கள்.

முதல் கணக்கு: 3 × 4 = □
இரண்டாம் கணக்கு: 3 × □ = 12
மூன்றாம் கணக்கு: □ × 4 = 12

வரிசை மாறவில்லை. கட்டம் மட்டும் இடம் மாறுகிறது. இரண்டாவதை உடனே 12 ÷ 3 என்று எழுதவைக்கும் ஆசை உங்களுக்கு வரும். பொறுங்கள். கதை சொல்வது பெருக்கல் உறவை. அந்த உறவை அப்படியே எழுதிய பிறகு, கட்டத்துக்குள் என்ன வரும் என்று தேடும்போது வகுத்தல் வரட்டும். “இந்த வகைக்குப் பெருக்கு, அந்த வகைக்கு வகு” என்று விதி சொல்லித்தந்தால் பிள்ளை விதியை மனப்பாடம் செய்யும், கதையை வாசிக்காது.

‘பெரிய அளவு’ என்ற பெயர் முழு எண் மடங்குகள் உள்ளவரைதான் சரி. அரை மடங்கு, கால் மடங்கு வரும் வகுப்பில் ‘ஒப்பிடப்படும் அளவு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சொல்லின் கடைசியைப் பாருங்கள்

தமிழில் ஒப்பீட்டுக் கணக்கு வாசிப்பதில் ஒரு வசதி உண்டு. ஆட்களின் பெயர் எந்த வரிசையில் வந்தாலும் ஒரு பங்கு யாருடையது என்பதை உருபு காட்டிக்கொடுக்கும்.

“மருதனிடம் காளியைப் போல 3 மடங்கு ஆடுகள்.”
“காளியைப் போல 3 மடங்கு ஆடுகள் மருதனிடம்.”

இரண்டு வாக்கியத்திலும் ‘ஐப் போல’ ஒட்டியிருப்பது காளியிடம்தான். அதன்கீழ் ஒரு கோடு போட்டு ‘1 பங்கு’ என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் வந்த பெயர், பெரிய எண், கடைசியில் வந்த பெயர் எதையும் நம்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ‘அதைப் போல’ என்று சுட்டுப்பெயர் வந்தால், ‘அது’ எதைக் குறிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவையுங்கள்.

மூன்று சொற்றொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வேறுபாட்டைக் காட்டுங்கள்:

‘காளியைவிட 3 அதிகம்’ என்றால் கூட்டல். 4 + 3 = 7.
‘காளியைப் போல 3 மடங்கு’ என்றால் பெருக்கல். 3 × 4 = 12.
‘காளியைவிட 3 மடங்கு அதிகம்’ என்பது குழப்பம். சிலர் 12 என்று எடுப்பார்கள், சிலர் இருக்கும் 4-உடன் 12-ஐச் சேர்த்து 16 என்பார்கள்.

மூன்றாவது வடிவத்தை நீங்கள் எழுதும் வினாத்தாளில் தவிர்த்துவிடுங்கள். செய்தித்தாளில் அது அடிக்கடி வரும், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையைச் சோதிக்க அது இடமில்லை.

அட்டப்பாடி வகுப்பறையில் இன்னும் ஒரு படி

இங்கே ஒரே பெஞ்சில் இருளர், முதுகர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகளும், தமிழும் மலையாளமும் பேசும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். ஆனைகட்டி வழியாகக் கோவையும் மன்னார்க்காடு வழியாகப் பாலக்காடும் இந்த ஊர்களின் பேச்சில் கலந்திருக்கின்றன. இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் இதே நிலைதான்: வீட்டில் ஒரு மொழி, பாடநூலில் வேறு மொழி.

எனவே தமிழ் வாக்கியத்துக்குப் போகுமுன் கதையைப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் சொல்லட்டும். உங்களுக்கு அந்தப் பேச்சு தெரியாவிட்டால் தெரிந்த இன்னொரு பிள்ளை துணைக்கு வரட்டும். கேரள அரசு 2017-இல் வயநாட்டில் தொடங்கிப் பின்னர் அட்டப்பாடிக்கும் கொண்டுவந்த கோத்ரபந்து திட்டத்தில், பழங்குடிச் சமூகங்களிலிருந்தே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டார்கள். உங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தப் பாடத்தை அவரோடு சேர்ந்து திட்டமிடுங்கள். ‘போல’, ‘விட’, ‘மடங்கு’ ஆகிய மூன்றையும் அந்த ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு ஒரு சார்ட்டில் எழுதி மாட்டுங்கள்.

மலையாளத்தில் ‘மூன்னு மடங்கு’ என்றும் சொல்வார்கள், ‘மூன்னிரட்டி’ என்றும் சொல்வார்கள். ‘இரட்டி’ என்றதும் தமிழ்க் காதுக்கு இரண்டு என்று பட்டு, மூன்று இரட்டி ஆறு என்று பிள்ளை எண்ணிவிடலாம். மூன்னிரட்டி என்றால் மூன்று மடங்குதான் என்பதை ஒருமுறை ஆடு வரைந்து காட்டிவிடுங்கள்.

காகிதப் பட்டை

சிங்கப்பூரில் 1980-களில் கோ தெக் ஹாங் தலைமையிலான பாடநூல் குழு, சொற்கணக்குகளைப் பட்டைகளாக வரைந்து காட்டும் முறையை உருவாக்கியது. இன்று உலகின் பல நாட்டுப் பாடநூல்களில் அது இருக்கிறது. அதற்குப் பெரிய செலவில்லை. பழைய நோட்டு அட்டையும் கத்தரிக்கோலும் போதும்.

ஒரே நீளத்தில் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். காளிக்கு ஒரு பட்டை. அதற்கு நேர் கீழே, இடது ஓரம் ஒட்டி, மருதனுக்கு மூன்று பட்டைகள்.

முதல் கணக்கில் காளியின் பட்டையில் 4 என்று எழுதினால், மருதனின் ஒவ்வொரு பட்டையிலும் 4 எழுத வேண்டும் என்பது பிள்ளைக்கே தெரியும். இரண்டாவதில் மருதனின் மூன்று பட்டைக்கும் சேர்த்து 12 என்று எழுதுங்கள். ஒரு பட்டையில் எவ்வளவு என்று பிள்ளை பங்குபோட்டுப் பார்க்கும். மூன்றாவதில் 4 என்று எழுதிய பட்டைகளை 12 வரும்வரை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள்.

பட்டை எங்கே உதவும் என்பது அடுத்த வகைக் கணக்கில் தெரியும்:

இருவரிடமும் சேர்த்து 16 ஆடுகள். மருதனிடம் காளியைப் போல 3 மடங்கு. காளியிடம் எத்தனை?

பட்டை இல்லாத பிள்ளை 16-ஐ 3-ஆல் வகுக்கப் பார்த்து மாட்டிக்கொள்ளும். பட்டை இருந்தால் காளியின் ஒன்றும் மருதனின் மூன்றும் சேர்ந்து நான்கு பங்கு என்று கண்ணுக்குத் தெரியும். 4 × □ = 16. இதேபோல “காளியைவிட மருதனிடம் 8 ஆடுகள் கூடுதல், 3 மடங்கு” என்றால் நீண்டு நிற்கும் இரண்டு பட்டைகளுக்கும் சேர்த்து 8. 2 × □ = 8. இரண்டு வழியிலும் காளியிடம் 4.

ஒரு பீரியட், நாற்பது நிமிடம்

*முதல் 5 நிமிடம்:* புளியங்கொட்டை. ஒரு பிள்ளை 2 கொட்டை வைக்கட்டும். “அதைப் போல 4 மடங்கு வை” என்று அடுத்த பிள்ளையிடம் சொல்லுங்கள். எண்ணில் எழுத வேண்டாம். யாராவது 2 கொட்டையோடு 4-ஐச் சேர்த்து 6 வைத்தால் திருத்தாமல் வகுப்பிடமே கேளுங்கள்.

*அடுத்த 10 நிமிடம்:* காகிதப் பட்டை. இருவர் இருவராக. முதல் கணக்கும் இரண்டாம் கணக்கும் அடுத்தடுத்து வரட்டும். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பிள்ளை அன்றைய வகை எது என்று ஊகித்துவிடும்.

*அடுத்த 10 நிமிடம்:* வாக்கியம். ‘ஐப் போல’ எங்கே என்று தேடி அடிக்கோடு. விடை கேட்க வேண்டாம்.

*அடுத்த 10 நிமிடம்:* கட்டம் வைத்த சமன்பாடு. விடை கடைசியில்.

*கடைசி 5 நிமிடம்:* 5 × □ = 35 என்று எழுதி, இதற்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள்.

நடுவில் உங்களுக்கும் பிள்ளைக்கும் நடக்கும் பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

“டீச்சர், மடங்குன்னா பெருக்கணும்தானே?”
“மொதல்ல யாரோடது ஒரு பங்கு, சொல்லு.”
“காளியோடது.”
“அது எத்தனைன்னு கணக்குல போட்டிருக்கா?”
“இல்ல டீச்சர், அதத்தான் கேக்குறாங்க.”
“அப்ப கட்டத்த எங்க போடுவ?”

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். “12-ஐ 3-ஆல் வகு” என்று நீங்கள் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பதிலாகக் கணக்கைப் போட்டது நீங்கள்தான்.

பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

*கூட்டிவிடுவது.* 3 மடங்கு என்பதை 3 அதிகம் என்று எடுப்பது. கொட்டைக்குத் திரும்புங்கள். “கூட 3 கொட்டையா, இதே மாதிரி 3 குவியலா?” என்று கேளுங்கள்.

*சொல்லைப் பார்த்துக் குறியைப் போடுவது.* ‘மடங்கு’ என்றால் பெருக்கல், ‘பங்கு’ என்றால் வகுத்தல் என்ற பட்டியல் பல கையேடுகளில் இருக்கிறது. இரண்டாம் கணக்கில் அது பிள்ளையைக் கவிழ்த்துவிடும். கணக்கில் உள்ள சொல் ஒரு திசையைக் காட்டி, செய்ய வேண்டிய செயல் எதிர்த்திசையில் இருந்தால் கல்லூரி மாணவர்களே அதிகம் தவறுகிறார்கள் என்று ஆன் லூயிஸும் ரிச்சர்ட் மேயரும் 1987-இல் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

*தலைகீழாக எழுதுவது.* “ஒரு பேராசிரியருக்கு 6 மாணவர்கள் வீதம் இந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள்” என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால் 6 × மாணவர் = பேராசிரியர் என்று எழுதுவோர் ஏராளம். அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்டும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் இத்தகைய கணக்கைக் கொடுத்தபோது 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினார்கள். 1981-இல் வெளிவந்த அந்த முடிவு இன்றும் கணிதக் கல்வியில் பேசப்படுகிறது. சமன்பாட்டில் வரும் எழுத்தை ஆளின் பெயராக எடுப்பது இதற்கு ஒரு காரணம். எழுத்து எண்ணிக்கையைக் குறிக்கிறது என்ற பழக்கம் நான்காம் வகுப்பிலேயே தொடங்கட்டும்: ‘காளி’ என்று எழுதாமல் ‘காளியின் ஆடுகளின் எண்ணிக்கை’ என்று கட்டத்தின் கீழ் எழுதவையுங்கள். எழுதிய பின் ஒரு எண் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பேராசிரியர் 2 பேர் என்றால் மாணவர் 12 பேர். சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் பொருந்துகிறதா?

*ஒரு கதையோடு நின்றுவிடுவது.* 35 = 5 × 7 என்பதில் இரண்டு ஒப்பீடுகள் இருக்கின்றன. 35 என்பது 7-ஐப் போல 5 மடங்கு, 5-ஐப் போல 7 மடங்கு. அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்த பொதுக் கணிதத் தரநிலை நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதும் இதே எடுத்துக்காட்டைத்தான். விடை ஒன்று, பட்டைப் படம் இரண்டு என்று வரைந்து காட்டுங்கள்.

கணக்கை ஊரிலிருந்து எடுங்கள்

பாடநூல் கணக்கு தீர்ந்ததும் நீங்களே எழுதுங்கள். உண்மையான எண்கள் கிடைத்தால் பிள்ளைகள் விவாதிப்பார்கள்.

கேரளத்துக்கு மக்களவைத் தொகுதிகள் 20, சட்டமன்றத் தொகுதிகள் 140. எத்தனை மடங்கு? □ × 20 = 140. விடை 7. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மக்களவைத் தொகுதிகள் 39. சட்டமன்றத் தொகுதிகள் அதைப் போல 6 மடங்கு. 6 × 39 = 234. ஐந்தாம் வகுப்புக்குச் சரியான கணக்கு.

அட்டப்பாடியின் பரப்பு 745 சதுர கிலோமீட்டர். பக்கத்திலுள்ள சைலண்ட் வேலி தேசியப் பூங்காவின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். அதை 90 என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ எத்தனை மடங்கு? 8 × 90 = 720, ஆகவே 8 மடங்குக்குச் சற்று அதிகம். எல்லா ஒப்பீடும் முழு எண்ணில் முடியாது என்பது இப்படித்தான் பழகும்.

கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே பாய்கின்றன. பவானியையும் சேர்த்து 3 மட்டும் கிழக்கே. இங்கே ‘எத்தனை மடங்கு’ என்று கேட்பது நல்லதா, ‘எத்தனை அதிகம்’ என்று கேட்பது நல்லதா? பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

வீட்டுப் பெரியவர்களிடம் அளவைகள் கேட்டுவரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் 8 படி ஒரு மரக்கால். கேரளத்தில் 10 இடங்கழி ஒரு பறை. ஒரு அளவையை இன்னொன்றின் மடங்காகச் சொல்வதே முகத்தல் அளவை, ஆகவே ஒவ்வொரு அளவையிலும் ஒரு சமன்பாடு இருக்கிறது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரையும் அட்டப்பாடித் துவரையும், இடுக்கியின் காந்தளூர் – வட்டவடைப் பூண்டும் எடைக் கணக்குக்குக் கைகொடுக்கும். ஆட்டுக்கணக்குக்கு அட்டப்பாடிக் கருப்பு ஆடு இருக்கவே இருக்கிறது.

உங்கள் வேலைக்கு இது எப்படி உதவும்

*தேர்வில்.* கேரள ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் பிரிவு தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கானது. 150 கேள்விகளில் கணிதத்துக்கு 30. பொதுப் பிரிவினர் தேர்ச்சி பெற 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண் வேண்டும். முதல் மொழியாக மலையாளம், தமிழ், கன்னடம் ஆகியவற்றில் ஒன்றை எடுக்கலாம். தமிழ்நாட்டுத் தகுதித் தேர்வின் முதல் தாளிலும் கணிதத்துக்கு 30 கேள்விகள். கணக்கு போடத் தெரிந்தால் மட்டும் போதாது, ஒரு பிள்ளையின் தவறான விடையைப் பார்த்து அது எப்படி யோசித்திருக்கும் என்று சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். 36, 8, 48 என்ற மூன்று தவறான விடைகளுக்கும் காரணம் சொல்ல முடிந்தால் நீங்கள் தயார்.

*நேர்காணலில்.* தற்காலிகப் பணிக்கான நேர்காணலில் ஒரு சின்ன மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால் இந்தப் பாடத்தை எடுங்கள். சட்டைப்பையில் நான்கு காகிதப் பட்டைகள் இருந்தால் போதும். இரண்டாம் கணக்கிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் ஆசிரியரின் திறமை அங்கேதான் தெரியும்.

*பாடக்குறிப்பில்.* ‘நோக்கம்’, ‘செயல்பாடு’ என்ற பத்திகளோடு ‘பிள்ளை எங்கே சறுக்கும், நான் என்ன கேட்பேன்’ என்று ஒரு பத்தி சேருங்கள். ஆய்வுக்கு வருபவர் அந்தப் பத்தியைத்தான் நின்று படிப்பார்.

*பதிவேட்டில்.* பெயருக்கு நேராக மூன்று கட்டங்கள் போடுங்கள்: பெரிய அளவு தெரியாதது, ஒரு பங்கு தெரியாதது, மடங்கு தெரியாதது. மதிப்பெண் வேண்டாம், டிக் போதும். ஒரு மாதம் கழித்து இரண்டாவது பத்தியில் வெற்றிடம் அதிகம் என்றால் அடுத்த கிளஸ்டர் கூட்டத்தில் பேச உங்களிடம் ஒரு உருப்படியான விஷயம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி தருகிறது. கோவைப் பக்கம் வேலை கிடைத்தால் நீங்களும் அப்படித்தான் பயிற்சித்தாள் பிரிப்பீர்கள். ஆனால் இந்தப் பாடத்தில் முதல் வகைக் கணக்கை அரும்புக்கு, இரண்டாம் வகையை மலருக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். எண்களைச் சின்னதாக்குங்கள், கொட்டையும் பட்டையும் கொடுங்கள், மூன்று வகையும் எல்லாருக்கும் போகட்டும். 2 × □ = 6 என்பதை அரும்பு நிலைப் பிள்ளையும் பட்டை வைத்துப் போட்டுவிடும்.

பாடம் முடிந்தது என்று எப்போது சொல்லலாம்

விடை சரியாக வந்தது போதாது. மூன்று சோதனைகள் வையுங்கள்.

ஒன்று: விடை கேட்காத கணக்கு. வாக்கியத்தை மட்டும் கொடுத்து ஒரு பங்கு யாருடையது என்று கேளுங்கள்.

இரண்டு: தேவையற்ற எண் உள்ள கணக்கு. “10 வயது காளியிடம் 4 ஆடுகள்” என்று தொடங்குங்கள். 10-ஐத் தொடாத பிள்ளை வாசிக்கிறது.

மூன்று: பிள்ளைகளே எழுதும் கணக்கு. பத்துப் பிள்ளைகள் எழுதினால் பெரும்பாலும் முதல் வகைதான் வரும். ஒரு பங்கு தெரியாத கணக்கை யாராவது எழுதியிருந்தால் அதையே நாளைய வகுப்பின் முதல் கணக்காக, எழுதியவர் பெயரோடு கரும்பலகையில் போடுங்கள்.

அந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மருதனிடம் காளியைப் போல 3 மடங்கு என்றால், காளியிடம் இருப்பதை மருதனை வைத்துச் சொல்ல முடியுமா? “மருதனோடதுல மூணுல ஒரு பங்கு” என்று யாராவது சொன்னால் பின்னப் பாடத்தை அன்றைக்கே தொடங்கிவிடலாம். யாரும் சொல்லாவிட்டால் பட்டையை மறுபடி எடுங்கள், பின்னம் ஒரு வாரம் பொறுக்கும்.